பின் கேற்றால் வாருங்கள்

முதலில் கேட்டது அந்தச் சத்தம். சீட்டுக்கட்டை இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியையும் ஒன்றுக்குள் ஒன்று விழவிடும்போது வருகிற சர்ர்ர் என்ற சத்தம். பிளாக்டவுன் ரயில் நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பப்பில், மழை விடட்டும் என்று இருந்தேன். புதன்கிழமை, பகல் ஒரு மணி. முன்னால் ஆறிப்போன உருளைக்கிழங்குப் பொரியல். கைபேசியில், நகரசபைக்காக நான் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டிய குப்பைத்தொட்டி அறிவித்தல்: சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி. அதுதான் என் பிழைப்பு. தடுப்பூசி, தண்ணீர்க் கட்டணம், காட்டுத்தீ எச்சரிக்கை, எல்லாம் தமிழில் என் கையால் போகும். மிச்ச நேரத்தில் வேறு எதையோ எழுதுவேன். கவிதை என்று கொடுத்தால் கவிஞர்கள் திருப்பித் தருவார்கள், கதை என்று கொடுத்தால் கதைக்காரர்கள் திருப்பித் தருவார்கள். குப்பைத்தொட்டிக்கு எழுதுவதை மட்டும் ஒருவரும் திருப்பித் தருவதில்லை. அப்படியே ஒட்டிவிடுவார்கள்.

சர்ர்ர். மறுபடியும். உள்ளே எங்கோ ஓர் அறையிலிருந்து வந்தது. என் முதுகு தானாக நேரானது, கைகள் ஒரு தட்டைத் தாங்குவது போல மேலே எழுந்தன. எனக்கே வெட்கமாக இருந்தது. அந்தச் சத்தத்தை எனக்கு நின்றுகொண்டு கேட்டுத்தான் பழக்கம்.

அப்பா இறந்தது இந்த சிட்னியில்தான். இங்கே சாவுக்கும் வரிசை உண்டு. தகனத்துக்கு நாள் கிடைக்க ஆறு நாள் ஆனது. ஆறு நாளும் அண்ணாவின் வீடு செத்த வீடாக இருந்தது. பெண்கள் ஹோலில், கம்பளத்தில். ஆண்கள் கராஜில். எங்கள் ஆட்கள் செத்த வீட்டில் சீட்டு விளையாடுவார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள், ஆனால் அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்த ஆண்களுக்கு அங்கேயே நிற்க ஒரு சாட்டு வேண்டும். சும்மா இருந்தால் அழுகை வரும். முன்னூற்றி நாலு என்கிற எங்கள் சீட்டாட்டத்தை விளையாடினால் சண்டை வரும். சண்டையைத் தாங்கலாம். காரை வெளியே விட்டுவிட்டு, மடிப்பு மேசையைப் போட்டு, நாலு பேர் இருப்பார்கள். எதிரெதிரே இருப்பவர்கள் சோடி. காசு கிடையாது. தோற்ற சோடிக்கு நக்கல் மட்டும் கிடைக்கும், அது அடுத்த செத்த வீடு வரை தாங்கும்.

நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். தட்டோடு நிற்கிறவளுக்கு நாலு பேருடைய கையும் தெரியும். யாரிடம் துரும்புச் சீட்டு, யார் வெறுங்கையோடு வீரம் பேசுகிறார், யார் சோடிக்குக் கண்ணைக் காட்டுகிறார் என்று எல்லாம் தெரியும். ஆறு நாள், எத்தனையோ தட்டு. நான் அந்த ஆட்டத்தைப் படித்தது அப்படித்தான், கையில் ஒரு சீட்டும் இல்லாமல்.

ஐந்தாம் நாள் பின்னேரம் அண்ணா ஒரு சீட்டை உருவினார். அது பிழை. எதிர்ச்சோடியின் கையைப் பார்த்துவிட்டு வந்தவள் நான், எனக்குத் தெரியும். வாய் தவறி வந்துவிட்டது.

"அண்ணா, அதைப் போடாதேங்கோ."

நாலு தலையும் உயர்ந்தன. அண்ணாவின் தலை மட்டும் உடனே சீட்டுக்குத் திரும்பியது. சீட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"உள்ள போ."

கோபம்கூட இல்லை அந்தக் குரலில். பூனைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். நானும் போனேன். நாற்பத்து மூன்று வயதில், அப்பா செத்த ஐந்தாம் நாள், வெறுந்தட்டோடு உள்ளே போனேன். குசினி வாசலில் மச்சாள், அண்ணாவின் மனைவி, அடுத்த தட்டோடு நின்றார். அவரும் கேட்டிருந்தார். என்னைச் சுற்றிக்கொண்டு கராஜுக்குப் போனார்.

அந்தச் சத்தம்தான் இப்போது உள் அறையிலிருந்து வந்தது. எழுந்து போனேன்.

போகும் வழியில் மெசின் அறை, காசு போட்டுச் சூதாடுகிற மெசின்கள். பகலிலும் இருட்டு. வரிசையாகத் திரைகள், அவற்றின் முன்னால் ஒருவரையொருவர் பார்க்காமல் சிலர். அதைத் தாண்டினால்தான் அந்த அறை. பச்சைத் துணி விரித்த நீள்வட்ட மேசை, நாலு பேர், நாலு வெறுங்கதிரை. பப் மனேஜர் அங்கே நின்றார், முப்பது வயது இருக்கும், இரண்டு கையிலும் பச்சை குத்தியிருந்தார். இது பழகுகிறவர்களுக்கான போக்கர், காசு கட்டத் தேவையில்லை, இந்தப் பிளாஸ்டிக் வட்டுகளுக்கு இந்த மேசைக்கு வெளியே பெறுமதி கிடையாது என்றார். பிறகு ஒரு கதிரையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். சீட்டு மேசை ஒன்றில் என்னை இருக்கச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். காலால் தள்ளியது என்றாலும் கதிரை கதிரைதான்.

போக்கர் விளங்காத ஆட்டம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு. மேசை நடுவில் ஐந்து, அது எல்லாருக்கும் பொது. ஏழிலிருந்து நல்ல ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். உங்கள் கை சரியில்லை என்று தோன்றினால் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கலாம். மூளைக்கு எல்லாம் விளங்கியது. உடம்புக்குத்தான் வேறு ஆட்டம் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்டம் வலப்பக்கமாகச் சுற்றும், இது இடப்பக்கமாகச் சுற்றியது. மூன்று தரம் என் முறை வருமுன் முந்திக்கொண்டேன். பிறகு வந்தது வீரனும் ஒன்பதும்.

முன்னூற்றி நாலு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அதில் வீரனுக்கு, அதாவது ஜாக்குக்கு, முப்பது புள்ளி. ஒன்பதுக்கு இருபது. ஆஸுக்குப் பதினொன்று. ராசாவுக்கு வெறும் மூன்று. வீரனும் ஒன்பதும் ஒரே கையில் வந்தால் எங்கள் ஆட்கள் கதிரையில் இருக்க மாட்டார்கள். என் வட்டுகள் எல்லாவற்றையும் இரண்டு கையாலும் நடுவுக்குத் தள்ளினேன். எல்லாரும் கீழே வைத்துவிட்டார்கள், எதிரில் இருந்த அம்மாவைத் தவிர. எழுபது வயதுக்கு மேல், கம்பளித் தொப்பி, காதில் கருவி. அவரும் தன்னுடையதைத் தள்ளினார். எனக்குப் பெருமகிழ்ச்சி. எதிரில் இருப்பவர் என் சோடி அல்லவா. கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். சீட்டைத் திருப்பினோம். அவரிடம் இரண்டு ராசாக்கள். நடுவில் விழுந்த ஐந்தும் எனக்கு உதவவில்லை. எல்லா வட்டும் அவர் பக்கம் போயின. நான் கையைத் தட்டி, நாங்கள் வென்றுவிட்டோம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

யார் அந்த நாங்கள் என்று அந்த அம்மா கேட்டார். எதிரில் இருப்பவர் சோடி என்பதையும், ராசாவின் பெறுமதி மூன்று என்பதையும் நான் விளக்க விளக்க, அவர் சிரிக்கத் தொடங்கினார். காதுக்கருவி கீச்சிடும் வரை சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை வெளியே தள்ளவில்லை. எனக்கு அந்த வித்தியாசம் தெரியும், இரண்டு விதமான சிரிப்பும் கேட்டு வளர்ந்தவள். வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவராம் அவர், பின்னால் நாற்பது பேர் இருப்பார்கள், பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை, ஒருவரும் தன்னைச் சோடி என்று சொன்னதில்லை என்றார். தன் வட்டுகளில் பாதியை என் பக்கம் தள்ளினார். மனேஜர் ஓடிவந்து, இது விதிக்கு மாறு, அப்படிக் கொடுக்கக் கூடாது என்றார். அந்த அம்மா அவரிடம் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமையும் விடவில்லை. மொழிபெயர்ப்பு வேலையைச் செவ்வாயிலும் வியாழனிலும் திணித்துக்கொண்டேன். என் கதிரை வாசலுக்கு முதுகு காட்டிய கதிரை, பஸ் அம்மாவுக்கு நேரே. தோற்றேன், தோற்றுக்கொண்டே பழகினேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் பிந்தினேன். பிந்தினேன் என்று சொல்வது பொய். நேரத்தோடேயே போய்விட்டேன், அறை பூட்டியிருந்தது, மெசின் அறையில் நின்றேன். நிற்பதற்கு அங்கே இடம் இல்லை, இருப்பதற்கு நிறைய இருந்தது. மெத்தை போட்ட கதிரை, காலுக்குக் கட்டை, கையெட்டும் தூரத்தில் கோப்பி. யாரும் உன்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள். முறை மாறி ஆடினால் சிரிக்க மாட்டார்கள். கைப்பையிலிருந்து ஒரு நோட்டு மெசினுக்குள் போனது, பிறகு இன்னொன்று. சர்ர்ர் சத்தம் கேட்டது, கேட்டும் எழும்பவில்லை. ஒரு கை வந்து என் முழங்கையைப் பிடித்தது. பஸ் அம்மா. கடைசி நிறுத்தத்தில் தூங்கிப்போன பயணியை இறக்குவதுபோல, என்னைக் கூட்டிக்கொண்டு போய் என் கதிரையில் இருத்தினார்.

அதற்குப் பிறகுதான் பார்த்தேன், அந்த அறைக்கு இன்னொரு கதவு இருந்தது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில் ஒரு கேற், அதிலிருந்து நாலடி நடந்தால் அறை. குப்பைத்தொட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவதற்கான வழி. சிவப்பு மூடி, மஞ்சள் மூடி. அன்றிலிருந்து நான் அந்த வழியால்தான் வந்தேன்.

நாலு மாதம் கழித்து மனேஜர் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பப் கம்பனியின் தலைமைக் கந்தோரிலிருந்து வந்த விளம்பரம். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், தங்க வட்டுகள் பறக்கின்றன, கீழே தீ எரிகிறது. இந்த மேசைக்கு நீயே ராசா என்று எழுதியிருந்தது. சுற்றுவட்டாரத்தில் தமிழர்கள் நிறைய, இதைத் தமிழாக்கித் தா என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி மிச்சத்தையும் சொன்னார்: மேசைக்கு எட்டுப் பேர் வேண்டும், இருப்பது ஐந்து. மாதக் கடைசிக்குள் புது ஆட்கள் வராவிட்டால் மேசையை எடுத்துவிடுவார்கள்.

அந்தத் தாளை நிறைய நேரம் பார்த்தேன். எனக்கு விளம்பரக்காரர்கள் மீது கோபம் வருவது புதிதல்ல, ஆனால் இந்தத் தடவை அது என் கதிரையைப் பிடித்து இழுத்தது. புதிதாக வருகிறவளுக்கு வெல்ல ஆசை என்று யார் இவர்களுக்குச் சொன்னது? அவளுக்கு இருப்பது பயம். எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியாது. ஆங்கிலம் வேகமாக வந்தால் விளங்காது. யாராவது தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைப்பாள். இந்தத் தாளில் இருப்பவனோ கண்ணையே மறைத்துக்கொண்டிருக்கிறான். அவன் எப்படி அவளை உள்ளே கூப்பிடுவான்? அவனைப் பார்த்தால் எனக்கே எழும்பிப் போகத் தோன்றியது, நாலு மாதம் இருந்தவளுக்கே. ராசாவாம். முன்னூற்றி நாலு விளையாடுகிற சனத்துக்கு ராசாவைக் காட்டி எதை விற்கப் போகிறீர்கள்? எங்கள் ராசாவுக்கு மூன்று புள்ளி. மூன்று புள்ளிக்காக யாராவது மழையில் பஸ் ஏறுவார்களா?

இதையெல்லாம் மனேஜரிடம் சொன்னேன், இவ்வளவு ஒழுங்காக இல்லை. அவர் மூன்று புள்ளிக்குச் சிரித்தார். அப்படியென்றால் நீயே ஒன்று எழுது என்றார்.

எழுதினேன். எத்தனையோ வருடம் அறிவித்தல் எழுதிய கை, ஒரு சொல்லைக்கூட வீணாக்கத் தெரியாது. இப்படி வந்தது:

"புதன்கிழமை பகல் ஒரு மணிக்குச் சீட்டு. ஒரு கதிரை இருக்கிறது, அது உங்களுக்கு. விளையாடத் தெரியத் தேவையில்லை, நாங்களும் தெரியாமல்தான் வந்தோம். காசு கொண்டுவர வேண்டாம், மேசையில் காசு இல்லை. நீங்கள் தோற்பீர்கள். தோற்றால் சிரிப்போம், அடுத்த தரம் நீங்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். உங்களை ஒருவரும் உள்ளே போ என்று சொல்ல மாட்டார்கள். முன் வாசலால் வர வேண்டாம், அங்கே மெசின்கள் இருக்கின்றன. பின் கேற்றால் வாருங்கள்."

மனேஜருக்குத் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. வடிவாக இருக்கிறது என்று தடவிப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். வரிவரியாகச் சொன்னேன். நீங்கள் தோற்பீர்கள் என்ற இடத்தில் புருவத்தை உயர்த்தினார், ஆனால் விட்டுவிட்டார். கடைசி இரண்டு வசனத்துக்கு வந்தபோது நான் நினைத்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். நல்வரவு என்றோ, வாகனம் நிறுத்த வசதியுண்டு என்றோ. யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னேன், உள்ளதை உள்ளபடி. இந்த நாட்டில் எங்கள் மொழியை ஒளித்து வைத்துப் பேச உதவுகிற ஒன்றாக மட்டும் பாவித்துப் பாவித்து எனக்கு அலுத்துப்போயிருந்தது.

அவர் முகம் சிவந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிடு, மற்றது எல்லாம் நல்லது என்றார். இந்த மேசை இலவசமாக இருப்பதே மக்கள் முன் வாசலால் மெசின்களைத் தாண்டி வருவதற்காகத்தான் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அவர் கெட்டவர் அல்ல, அதையும் எழுதிவைக்கிறேன். எடுக்க மாட்டேன் என்றேன். புது ஆட்கள் வராவிட்டால் உன் கதிரையும் போகும் என்றார். போகட்டும், ஆனால் ஒரு பெண்ணை என் எழுத்தால் கூப்பிட்டு அந்த மெத்தைக் கதிரைகளைத் தாண்டி நடக்கவைக்க என்னால் முடியாது என்றேன். நான் தாண்டாமல் இருந்துபோன கதிரை அது. பஸ் அம்மா தன் சீட்டுகளிலிருந்து தலையைத் தூக்காமல், அவள் சொல்வது சரி என்றார். மனேஜர் தோளைக் குலுக்கினார். எங்கள் பெயரோ சின்னமோ அதில் இருக்கக் கூடாது, நீயே எங்கேயாவது ஒட்டிக்கொள் என்றார்.

நூலகத்தில் இருபது பிரதி எடுத்தேன். முகவரியைக் கையால் எழுதினேன். பிளாக்டவுனில் நான் அரிசி வாங்குகிற கடையின் கண்ணாடியில், சங்கீத வகுப்புக்கும் வாடகை அறைக்கும் நடுவில் ஒன்று. சலவைக் கடையில் ஒன்று. பஸ் தரிப்பிடங்களில் மிச்சம்.

அடுத்த ஞாயிறு மேய்ஸ் ஹில் கோயிலில், சாப்பாட்டு மண்டபத்தில், மச்சாள் தன் தட்டோடு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். சோற்றைக் குழைத்தபடி, என்னைப் பார்க்காமலேயே தொடங்கினார்.

"பப்பிலை சீட்டு விளையாடுறியளாம்."

"ஓம், மச்சாள்."

"ஓம் எண்டு சொல்லுறதைப் பாரன்." இது அவருடைய சாம்பாருக்குச் சொன்னது. அவருக்குச் சீட்டும் அந்த மெசினும் ஒன்றுதான், எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு அப்படித்தான். வித்தியாசத்தைச் சொன்னேன். கேட்காததுபோல இருந்தார். பிறகு கதை வந்தது: கடைக்காரர் என் நோட்டீசைக் கழற்றிவிட்டாராம், கோயிலுக்குப் போகிற சனம் வருகிற கடை என்று. கழற்றியதை அந்த நேரம் அங்கே நின்ற அண்ணாவின் கையில் கொடுத்திருக்கிறார்.

"அதிலை என்ர பேர் இல்லையே," என்றேன்.

"பேர் என்னத்துக்கு? உள்ள போ எண்டதை வாசிச்ச உடனை உங்கட கொண்ணருக்கு விளங்கிட்டுது. கதிரையிலை இருந்து ரெண்டாந்தரமும் வாசிச்சவர். பிறகு அண்டைக்குச் சாப்பிடேல்லை."

அண்ணா கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மச்சாள் அப்பளத்தை நொறுக்கினார். மண்டபத்தில் யாரோ பாயசம் வருகிறது என்றார்கள். மச்சாள் குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையாக் காசில்லையோ?"

"இல்லை."

"அந்தப் பின் கேற், பூட்டியிருக்குமோ?"

"கல்லு ஒண்டு வைச்சுத் திறந்து விட்டிருப்பன்."

மச்சாள் பாயசத்தை இரண்டு தரம் வாங்கினார்.

முதல் புதன்கிழமை கல்லை வைத்தேன், ஒருவரும் வரவில்லை. இரண்டாம் புதன் காற்று வந்தது, கேற்றைத் தள்ளித் தள்ளிச் சத்தம் போட்டது, ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் திரும்பிப் பார்க்க, பஸ் அம்மா என் வட்டுகளையெல்லாம் வென்றுவிட்டார். கவனம் இல்லாத சோடியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நக்கலடித்தார். மூன்றாம் புதன், கேற் கீச்சிட்டது. திரும்பவில்லை, காற்று என்று நினைத்தேன். சேலைச் சரசரப்பு கேட்டது. மச்சாள். அவருக்குப் பின்னால், கோயில் சமையலுக்குக் காய் வெட்டுகிற இரண்டு பெண்கள், ஒருவர் கையில் வடைப் பெட்டி.

மூன்று கதிரை வெறுமையாக இருந்தது. மூன்று பேரும் இருக்கவில்லை. வந்து, ஆளுக்கொருவராக விளையாடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். கை இரண்டையும் முன்னால் கோத்து, கொஞ்சம் குனிந்து, கையில் தட்டு இல்லாதது மட்டும்தான் குறை. நின்று, எல்லாருடைய சீட்டையும் பார்த்தார்கள். மேசையில் இருந்தவர்கள் சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள், மனேஜர் என்னைப் பார்த்தார். அவருக்கு இது என்ன வகை ஏமாற்று என்று விளங்கவில்லை. எழுந்து, ஒவ்வொரு கதிரையாக இழுத்துவிட்டேன்.

"மச்சாள், இருங்கோ. இஞ்ச நிண்டு பாக்கக் கூடாது. இருந்துதான் விளையாட வேணும்."

"இருக்கத்தானே வந்தனாங்கள்," என்றார், ஆனால் இருக்க இன்னும் ஒரு நிமிடம் எடுத்தார்.

இடப்பக்கமாகச் சுற்றும் என்று சொல்லிக் கொடுத்தேன். மூன்று பேரும் வலப்பக்கமாகவே ஆடினார்கள். காய் வெட்டுகிறவர்களில் ஒருவர் ஒன்பது வந்த மகிழ்ச்சியில் எல்லா வட்டையும் தள்ளிவிட்டு எதிரில் இருந்தவருக்குத் தலையை ஆட்டினார். பஸ் அம்மா அதைப் பார்த்து மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். மச்சாள் மட்டும் மூன்றாவது கையிலேயே பிடித்துவிட்டார். எட்டுப் பேர் மேசையில் ஒவ்வொருவரும் நல்ல கை என்று பொய் காட்டும்போது என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. ஒருவர் காதைத் தொடுவார், ஒருவர் வட்டை அடுக்குவார். முப்பது வருடம் ஆண்களின் பின்னால் நின்று பார்த்த கண். அன்றைக்கு அவர்தான் வென்றார். வென்ற வட்டுகளை என்ன செய்வது என்று தெரியாமல் எல்லாருக்கும் வடை கொடுத்தார்.

மேசை நிறைந்தது. அடுத்த புதனும் நிறைந்தது. மாதம் முடிந்தபோது, மனேஜர் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னார். எட்டுப் பேர் இருப்பதாக எழுதி அனுப்பினாராம். தலைமைக் கந்தோர் மேசையைப் பார்க்கவில்லை, முன் வாசலைப் பார்த்தது. அந்த வழியால் புதிதாக ஒருவரும் வரவில்லை என்றது. இன்றோடு மேசை முடிந்தது; அந்த இடத்துக்குப் பெரிய திரை ஒன்று வரப் போகிறது. அந்த இரண்டு வசனமும் இல்லாமல் இருந்திருந்தால், என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினார்.

அவர் நிறுத்தியது நல்லது. அந்த இரண்டு வசனமும் இல்லாமல் நான் எழுதியிருந்தால் மேசை இன்றைக்கும் இருந்திருக்கலாம். அதைக் கிடந்து யோசித்திருக்கிறேன், மறைக்கவில்லை. என் கதிரை போனது எனக்கு வலிக்கிறது. ஆனால் நாளைக்கு இன்னொரு மேசைக்கு யாராவது என்னிடம் விளம்பரம் கேட்டால், அதே இரண்டு வசனத்தைத்தான் எழுதுவேன், இந்தத் தடவை முதல் வரியாக. புதிதாக ஒருவரைக் கூப்பிடுகிறவர் எந்த வழியால் வரவேண்டும் என்பதையும் சொல்லிக் கூப்பிட வேண்டும். வழியை மறைத்துக் கூப்பிடுகிறவர் விருந்துக்குக் கூப்பிடவில்லை.

கடைசி ஆட்டம் முடிந்து வெளியே வந்தோம். மனேஜர் இரண்டு சீட்டுக்கட்டையும் வட்டுப் பெட்டியையும் என் கையில் வைத்து, எப்படியும் எறியப் போகிறோம் என்றார். அவருடைய கண் பெட்டியில் இருந்தது. பஸ் அம்மா தன் காரில் சாய்ந்துகொண்டு, அடுத்த புதன் எங்கே என்று கேட்டார், அடுத்த புதன் என்று ஒன்று இருக்கும் என்பதில் சந்தேகமே இல்லாதவர்போல. நான் வாயைத் திறப்பதற்குள் மச்சாள் தன் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: எங்கள் கராஜ். ஒரு மணி. காரை வெளியே விடுவோம். முகவரியை நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். பஸ் அம்மா அதைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நான் மச்சாளைப் பார்த்தபடி நின்றேன். அந்தக் கராஜ். அந்த மடிப்பு மேசை. காய் வெட்டுகிற பெண்கள் பின் இருக்கையில் ஏறி, வடைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்கள். மச்சாள் காரைத் தொடக்கி, கண்ணாடியை இறக்கினார்.

"புதன்கிழமை அண்ணாவுக்கு லீவல்லோ," என்றேன்.

"ஓம். வீட்டிலைதான் நிப்பார். தேத்தண்ணி ஊத்தட்டுமன், அவருக்கென்ன கையில்லையோ."

"தட்டோடை வந்து பின்னாலை நிண்டு, அதைப் போடாதேங்கோ எண்டு சொன்னாரெண்டா?"

மச்சாள் கண்ணாடியில் பின்னால் ஏதாவது வருகிறதா என்று பார்த்து, காரை மெல்லப் பின்னுக்கு எடுத்தார்.

"உள்ள போங்கோ எண்டு சொல்லுவன். போட்டு வாறன், என்ன."